கேம் பெட்டிகளின் போட்டி: வாசகர் கேட்டவை

கைத்தொலைபேசி வாங்குவது பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பல, கைத்தொலைபேசியை விட்டுவிட்டுக் கேம் கன்சோல்களைப் பற்றியே கேட்டிருந்தன. பாடசாலை விடுமுறையும் வெளிநாட்டு உறவினர் வந்து இறங்கும் காலமும் ஒன்றாக நெருங்குவது இதற்குக் காரணமாக இருக்கலாம். பெயர்களைத் தவிர்த்து ஊர்களை மட்டும் குறிப்பிட்டுப் பதில் தருகிறேன்.

கேள்வி: என் மகனுக்குப் பதினான்கு வயது. பிளேஸ்டேஷன் 5 வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். கனடாவில் இருக்கும் என் தங்கையின் மகனோ எக்ஸ்பொக்ஸ்தான் வாங்க வேண்டும் என்கிறான். இருவரும் வட்ஸ்அப்பில் சண்டை பிடிக்காத நாளில்லை. இரண்டு பெட்டிக்கும் அப்படி என்னதான் வித்தியாசம்? எதை வாங்கலாம்?
(ஒரு தந்தை, கல்லடி)

பதில்: மச்சான்மார் இருவரும் சண்டை பிடிப்பது புதிதல்ல. ஆனால் இந்தச் சண்டையின் பொருளை நீங்கள் திறந்து பார்த்தால் சிரிப்பீர்கள். சோனியின் பிளேஸ்டேஷன் 5, மைக்ரோசொப்டின் எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் இரண்டும் 2020 நவம்பரில் இரண்டே நாள் இடைவெளியில் வெளிவந்தன; இரண்டின் மூளையும் ஏ.எம்.டி. என்ற ஒரே நிறுவனத்தின் வடிவமைப்பு. பெரிய விளையாட்டுகளில் பெரும்பாலானவை இரண்டிலும் ஓடுகின்றன. வித்தியாசம் பெட்டிக்குள் அதிகம் இல்லை, பெட்டிக்குப் பின்னால் இருக்கும் வியாபாரத்தில்தான் இருக்கிறது.

எக்ஸ்பொக்ஸ் பெட்டியை விற்று இலாபம் பார்த்ததுண்டா என்று 2021 இல் அமெரிக்க நீதிமன்றமொன்றில் கேட்கப்பட்டபோது, மைக்ரோசொப்ட் அதிகாரி இல்லை என்றே சாட்சியம் சொன்னார். பிளேஸ்டேஷன் 5 உம் தொடக்கத்தில் நட்டத்துக்கே விற்கப்பட்டது. அப்படியானால் காசு எங்கிருந்து வருகிறது? மண்முனைத்துறையில் பாலம் வருமுன் பாதையில், அதாவது ஆற்றைக் கடத்தும் மிதவையில், ஏறிப் படுவான்கரைக்குப் போனவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். துறையில் பாதை ஓட்டும் உரிமை ஒருவரிடம் மட்டும் இருந்தால், ஏறுகிறவர் நெல் கொண்டுபோகிறாரா, கல்யாண வீட்டுக்குப் போகிறாரா என்று அவர் பார்க்க வேண்டியதில்லை. ஆற்றைக் கடக்கும் ஒவ்வொரு தலைக்கும் அவருக்குக் காசு வரும். கேம் பெட்டி அப்படியொரு பாதை. அதன் ஒன்லைன் கடையில் யார் செய்த விளையாட்டு விற்றாலும், வழமையாக நூற்றுக்கு முப்பது பங்கு பெட்டிக்காரருக்குப் போகிறது. உங்கள் மகனைத் தம் பாதையில் ஏற்றிவிட வேண்டும் என்பதே இரு நிறுவனங்களின் கவலையும்.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது பெட்டியின் நிறத்தையோ மச்சானின் வாதத்தையோ அல்ல, அதன் முகத்தில் டிஸ்க் போடும் வாய் இருக்கிறதா என்பதை. எங்கள் வீட்டில் இப்போது ஒரு கால்பந்து விளையாட்டின் டிஸ்க் இருக்கிறது. அட்டையின் பூட்டு உடைந்து, இறப்பர் வளையம் போட்டு மூடப்பட்டிருக்கிறது. உள்பக்கத்துத் தாளில் நீலப் பேனையால் நான்கு பேரின் முதலெழுத்துக்கள், கடைசியாக என் மகனுடையது. அரசடியில் வாங்கிய டிஸ்க் நாவற்குடாவுக்குப் போய், காத்தான்குடியில் ஒரு நோன்பு மாதம் முழுவதும் தங்கி, எங்களிடம் வந்திருக்கிறது. வந்த அன்று அவன் அதைச் சன்னல் வெளிச்சத்தில் சரித்துக் கீறல் பார்த்துவிட்டு, பெனியன் நுனியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்தான். சுற்றித் துடைத்தால் டிஸ்க் கெடும் என்பதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒருவர் காசு கொடுக்க நால்வர் விளையாடும் இந்த ஏற்பாடு இல்லாவிட்டால், எங்கள் பக்கத்தில் மாதச் சம்பளக்காரர் எவரும் இந்தப் பெட்டிகளுக்குத் தீனி போட முடியாது.

இந்தக் கைமாற்றை நிறுத்த ஒரு முயற்சி நடந்தது. 2013 ஜூனில் மைக்ரோசொப்ட், தன் புதிய எக்ஸ்பொக்ஸ் வண் இருபத்து நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு முறையாவது இணையத்தோடு தொடர்புகொள்ள வேண்டும் என்றும், ஒரு விளையாட்டை ஒரு முறை மட்டுமே இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்றும், அவரும் உங்கள் நண்பர் பட்டியலில் முப்பது நாளாவது இருந்தவராக இருக்க வேண்டும் என்றும் விதி வெளியிட்டது. சோனி இதற்கு அறிக்கை எதுவும் எழுதிக்கொண்டிருக்கவில்லை. பிளேஸ்டேஷனில் விளையாட்டைப் பகிர்வது எப்படி என்று அரை நிமிடம்கூட ஓடாத ஒரு காணொளியை வெளியிட்டது: ஒருவர் டிஸ்க்கை நீட்டுகிறார், மற்றவர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். சோனியின் பெட்டிக்கு 399 டொலர், மைக்ரோசொப்டின் பெட்டிக்கு 499 டொலர் என்பதும் அதே வாரத்தில் தெரியவந்தது. ஜூன் 19 இல் மைக்ரோசொப்ட் அந்த விதிகளைக் கைவிட்டது. ஆனாலும் அந்தச் சுற்றைச் சோனி வென்றது. பிளேஸ்டேஷன் 4 உலகெங்கும் 117 மில்லியனுக்கு மேல் விற்றது. மைக்ரோசொப்ட் 2015 இலிருந்து விற்ற பெட்டிகளின் எண்ணிக்கையை வெளியிடுவதையே நிறுத்திக்கொண்டது.

இப்போது நிலைமை திரும்பியிருக்கிறது. அன்று கையால் டிஸ்க்கை நீட்டிக் காட்டிய அதே சோனி, 2024 நவம்பரில் 700 டொலருக்கு விற்பனைக்கு விட்ட பிளேஸ்டேஷன் 5 ப்ரோவில் டிஸ்க் வாயை வைக்கவில்லை. வேண்டுமானால் தனியாகக் காசு கொடுத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். மைக்ரோசொப்டின் விலை குறைந்த சீரிஸ் எஸ் பெட்டியிலும் அது கிடையாது. எனவே என் பதில் இது: மகனின் வகுப்பில் யாரிடம் எந்தப் பெட்டி இருக்கிறது என்று கேளுங்கள். கனடாவிலிருந்து டிஸ்க் கைமாறி வராது, பக்கத்துத் தெருவிலிருந்துதான் வரும். பெரும்பான்மை எதுவோ அதில் டிஸ்க் வாய் உள்ளதை வாங்குங்கள். சற்று விலை குறைவு என்று வாயில்லாத பெட்டியை வாங்கினால், மிச்சம் பிடித்த காசு இரண்டாவது விளையாட்டு வாங்கும்போதே போய்விடும்.

கேள்வி: நான் உயர்தரத்தில் வணிகப் பிரிவில் படிக்கிறேன். போட்டிச் சந்தை பற்றிய ஒப்படைக்குச் சேகா நிறுவனத்தை எடுத்திருக்கிறேன். முன்னணியில் இருந்த சேகா ஏன் கன்சோல் செய்வதையே விட்டது? சோனியின் பலம்தான் காரணமா?
(மாணவர், கல்முனை)

பதில்: சோனியின் பலம் என்று எழுதினால் பாதிப் புள்ளிதான் கிடைக்க வேண்டும். சேகாவை முதலில் தோற்கடித்தது சேகாதான்.

1980களின் பிற்பகுதியில் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் அசைக்க முடியாத இடத்தில் இருந்தது. 1983 இல் அமெரிக்காவில் குப்பை விளையாட்டுகள் குவிந்து கன்சோல் சந்தை முழுவதும் சரிந்திருந்தது. விற்காத கசெட்டுகளை அட்டாரி நிறுவனம் நியூ மெக்சிக்கோவில் குழி தோண்டிப் புதைத்தது. அந்தச் சாம்பலிலிருந்து சந்தையை மீட்ட நின்டெண்டோ, விளையாட்டுச் செய்பவர்களின் கழுத்தில் இறுக்கமான கயிற்றைப் போட்டது. ஓர் ஆண்டுக்கு இத்தனை விளையாட்டுதான், கசெட்டைத் தன்னிடமே அடிக்க வேண்டும், காசு முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். சந்தையில் வென்றவன் கயிற்றை இறுக்கும்போது மற்றவனுக்கு வாசல் திறக்கும். சேகா அந்த வாசலால் நுழைந்தது. அமெரிக்காவில் ஜெனசிஸ் என்று அழைக்கப்பட்ட தன் மெகா டிரைவ் பெட்டியின் விலையைக் குறைத்தது, 1991 இல் தன் சொனிக் விளையாட்டைப் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்தது, எதிரியின் பெயரைச் சொல்லியே கேலி செய்து விளம்பரம் போட்டது. சில ஆண்டுகள் அமெரிக்காவில் நின்டெண்டோவோடு சரிக்குச் சரி நின்றது.

பிறகு நடந்ததைத்தான் உங்கள் ஒப்படையில் விரிவாக எழுத வேண்டும். அந்த மெகா டிரைவின் மேல் சேகா ஒரு சீடி இயந்திரத்தைப் பொருத்த விற்றது. 1994 நவம்பரில் 32எக்ஸ் என்று இன்னொன்றை அமெரிக்காவில் விற்றது. அதே மாதம் ஜப்பானில் சட்டர்ன் என்ற முழுப் புதிய பெட்டியையும் வெளியிட்டது. மூன்று முறை காசு கேட்கப்பட்ட வாடிக்கையாளர் நான்காம் முறை சட்டைப்பையைப் பொத்திக்கொள்வார் அல்லவா? அமெரிக்காவில் சட்டர்ன் 1995 செப்டெம்பரில் வரும் என்று சொல்லியிருந்தும், சோனியை முந்தும் ஆசையில், மே மாதத்தில் லொஸ் ஏஞ்சல்ஸில் நடந்த கண்காட்சி மேடையில் ஏறி, இன்றிலிருந்தே கடைகளில் கிடைக்கும், விலை 399 டொலர் என்று அறிவித்தது. பெட்டி போனது நான்கு கடைத்தொடர்களுக்கு மட்டும். விடுபட்ட கடைக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். சிலர் சேகாவின் பொருளை வைக்கவே மறுத்தார்கள். விளையாட்டுச் செய்பவர்களோ செப்டெம்பரைக் கணக்கிட்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள், ஆகவே பெட்டி வந்தும் போட்டு விளையாட அதிகம் இல்லை. அன்றைக்கே சோனியின் சார்பில் மேடையேறிய ஸ்டீவ் ரேஸ் என்பவர் "299" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். போட்டியின் வரலாற்றில் இதைவிடச் சுருக்கமான பேச்சு எனக்குத் தெரியாது.

1998 இல் ஜப்பானில் வெளிவந்த டிரீம்காஸ்ட் நல்ல பெட்டி, இன்றும் அதற்கு அன்பர்கள் உண்டு. ஆனால் முந்தைய இரண்டு தடவை ஏமாந்தவர்கள் நம்பவில்லை. டீவீடியும் பார்க்கலாம் என்று பிளேஸ்டேஷன் 2 வருவது தெரிந்ததும் காத்திருந்தார்கள். 2001 ஜனவரியில் சேகா கன்சோல் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சொனிக் நின்டெண்டோவின் பெட்டியில் ஓடத் தொடங்கியது.

ஒப்படையில் ஒரு பந்தி நின்டெண்டோவுக்கும் ஒதுக்குங்கள். தன் பெட்டிக்குச் சீடி இயந்திரம் செய்து தரச் சோனியோடு அது உடன்படிக்கை செய்திருந்தது. 1991 இல் சிக்காகோ கண்காட்சியில் சோனி அந்தக் கூட்டை அறிவித்த மறுநாளே, நாங்கள் பிலிப்ஸ் நிறுவனத்தோடு சேர்கிறோம் என்று நின்டெண்டோ எல்லோர் முன்னிலையிலும் சொன்னது. உடன்படிக்கையின்படி சீடி விளையாட்டுகளின் பிடி சோனியின் கைக்குப் போய்விடும் என்ற பயம்தான் காரணம். அவமானப்பட்ட சோனியில் கென் குட்டராகி என்ற பொறியியலாளர் வேலையை விடாமல் தொடர்ந்து, 1994 டிசம்பரில் பிளேஸ்டேஷனைக் கொண்டுவந்தார். தனக்குப் பெரிய எதிரியை நின்டெண்டோ தன் கையாலேயே வளர்த்தது.

கேள்வி: எந்தப் பெட்டி சக்தி கூடியதோ அதுதானே வெல்லும்?
(காரைதீவு)

பதில்: பெரும்பாலும் இல்லை. பிளேஸ்டேஷன் 2 தன் காலத்து எக்ஸ்பொக்ஸைவிடச் சக்தி குறைந்தது. அது 160 மில்லியன் விற்றது, எக்ஸ்பொக்ஸ் 24 மில்லியனோடு நின்றது. நின்டெண்டோவின் வீ, ஸ்விட்ச் இரண்டும் தம் எதிரிகளுக்கு முன்னால் நோஞ்சான்கள். முதலாவது 100 மில்லியனையும் இரண்டாவது 150 மில்லியனையும் தாண்டின. பிளேஸ்டேஷன் 4 மட்டும் எதிரியைவிடச் சக்தியும் கூடியது, விலையும் குறைந்தது.

கேள்வி: ஜப்பானில் வேலை செய்யும் என் தம்பி பிள்ளைகளுக்கு ஒரு கன்சோல் கொண்டுவருவதாகச் சொல்கிறார். அங்கே விலை மலிவாம். இங்குள்ள கரண்டுக்கு அது சரிவருமா?
(ஒரு சகோதரி, ஏறாவூர்)

பதில்: சகோதரி, இந்தக் கேள்வியை என் மாமா கேட்டிருந்தால் எங்கள் வீட்டில் ஒரு புகை குறைந்திருக்கும். நான் ஆறாம் வகுப்பில் படிக்கும்போது அவர் வெளிநாட்டிலிருந்து ஒரு டிவி கேம் கொண்டுவந்தார். பெட்டி பிரித்துப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, அடப்டரை நான்தான் சுவரில் செருகினேன். முதலில் மெல்லிய ரீங்காரம், பிறகு எரிந்த பிளாஸ்டிக் மணம். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். நூறு வோல்ட்டுக்குச் செய்த அடப்டரில் 230 வோல்ட்டைப் பாய்ச்சியிருந்தேன். விளையாட்டை நான் பார்க்கவே இல்லை. பிழை என்னுடையது, அடப்டரின் முதுகில் எல்லாம் எழுதியிருந்தது.

தம்பியிடம் அந்த முதுகைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருந்தால் செருகியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நின்டெண்டோ ஸ்விட்சின் அடப்டர் அந்த வகை. 100 வோல்ட் மட்டும் என்றிருந்தால், தகுந்த அளவு ட்ரான்ஸ்போமர் இல்லாமல் தொடவே வேண்டாம்.

விலை மலிவு என்று அவர் சொல்வது ஸ்விட்ச் 2 என்றால் இன்னொன்றையும் கேளுங்கள். 2025 ஜூனில் அது வெளிவந்தபோது, ஜப்பானில் நின்டெண்டோ இரண்டு வகை விற்றது. மலிவான வகையில் ஜப்பான் மொழி மட்டுமே உண்டு, ஜப்பானுக்குரிய கணக்கு மட்டுமே அதில் வேலை செய்யும். பல மொழிப் பெட்டி தனி, அதன் விலையும் கூட. மலிவானதைக் கொண்டுவந்து கொடுத்தால் பிள்ளைகள் முதலில் ஜப்பான் மொழி படிக்க வேண்டியிருக்கும். அத்துடன் மாரி காலத்தில் இடி முழங்கும்போது சுவர்ச் செருகியைக் கழற்றிவிடுங்கள், சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது.

கேள்வி: பிளேஸ்டேஷன் கணக்குத் திறக்கப் போனால் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. கடைக்காரர் அமெரிக்கா என்று போடுங்கள் என்கிறார். போடலாமா?
(அக்கரைப்பற்று)

பதில்: நீங்கள் கண்டது சரி, பட்டியலில் நாம் இல்லை. 2024 மே மாதத்தில், ஹெல்டைவர்ஸ் 2 விளையாட்டைக் கணினியில் விளையாடுபவர்கள் சோனி கணக்கைக் கட்டாயம் இணைக்க வேண்டும் என்று சோனி அறிவித்தபோது, அப்படியொரு கணக்கே திறக்க முடியாத நாடுகள் நூற்றுக்கு மேல் இருப்பது உலகத்துக்குத் தெரியவந்தது. எதிர்ப்புத் தாங்காமல் சில நாட்களில் அந்த விதி கைவிடப்பட்டது, பட்டியல் நீளவில்லை. பெட்டிக்காரர்களின் போட்டி எங்கள் கரையை எட்டவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வேறு நாட்டைப் போடுவது சோனியின் நிபந்தனைக்கு மாறானது என்பதைக் கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார். ஊரில் எல்லோரும் செய்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். எதைப் போட்டாலும் பிறகு நாட்டை மாற்ற முடியாது, புதுக் கணக்குத்தான் திறக்க வேண்டும். காசுக்குப் பதிலாகப் பாவிக்கும் பரிசு அட்டை கணக்கின் நாட்டுக்குரியதாக இருக்க வேண்டும். டிஸ்க் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் பொதுவாக ஓடும். ஆனால் அதற்குரிய மேலதிகப் பகுதிகளை வேறு நாட்டுக் கணக்கில் வாங்கினால் ஒட்டாமல் போகலாம். கையில் டிஸ்க் இருந்தால் இந்தத் தலையிடியில் பெரும்பங்கு இல்லை.

கேள்வி: எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுகள் இப்போது பிளேஸ்டேஷனிலும் வருகின்றன. மைக்ரோசொப்ட் தோல்வியை ஏற்றுக்கொண்டதா?
(வாழைச்சேனை)

பதில்: பெட்டிச் சண்டையில் ஏற்றுக்கொண்டது என்றுதான் நான் நினைக்கிறேன். 2022 ஜனவரியில் அக்டிவிஷன் பிளிசார்ட் என்ற விளையாட்டு நிறுவனத்தை 68.7 பில்லியன் டொலருக்கு வாங்கப்போவதாக மைக்ரோசொப்ட் அறிவித்தபோது, அந்த நிறுவனத்தின் கோல் ஒஃப் டியூட்டி விளையாட்டு இனித் தன் பெட்டிக்கு வராமல் போய்விடும் என்று சோனி முறையிட்டது. 2023 ஒக்டோபரில் வாங்கி முடிந்தது; அதற்குள் அந்த விளையாட்டைப் பத்து ஆண்டுக்குத் தருவதாகச் சோனியோடு ஒப்பந்தமும் எழுதப்பட்டிருந்தது. 2024 இல் மைக்ரோசொப்ட் தன் சொந்த விளையாட்டுகள் நான்கை மற்ற நிறுவனங்களின் பெட்டிகளுக்கும் கொடுத்தது. 2025 இல் ஃபோர்சா என்ற கார்ப் பந்தய விளையாட்டும் பிளேஸ்டேஷனுக்குப் போனது. 2001 இல் முதல் எக்ஸ்பொக்ஸை விற்றுக் கொடுத்ததே ஹேலோ என்ற விளையாட்டுத்தான். அதுவும் பிளேஸ்டேஷன் 5 க்கு வரும் என்று 2025 ஒக்டோபரில் அறிவித்தார்கள். கல்முனை மாணவருக்குச் சொன்ன சொனிக்கின் கதையை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். வேறுபாடு, சேகாவிடம் காசு தீர்ந்திருந்தது, மைக்ரோசொப்டிடம் தீரவில்லை. அது இப்போது பாதையை விட்டுவிட்டு, எல்லாப் பாதைகளிலும் ஏறும் சரக்காகத் தன்னை மாற்றிக்கொள்கிறது.

இதனால் நமக்கு நன்மையா என்று கேட்டால், விலையைப் பாருங்கள் என்பேன். 2000 இல் அமெரிக்காவில் 299 டொலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, எதிரிகள் நெருக்க நெருக்க இறங்கி, 2009 இல் 99 டொலருக்கு நின்றது. 2020 இல் வந்த இன்றைய பெட்டிகள் இரண்டும் ஐந்து வயதில், 2025 இல், அதே அமெரிக்காவில் விலை ஏறின. சுங்க வரியும் உதிரிப்பாகங்களின் விலையும் காரணமாகச் சொல்லப்படுகின்றன, அவை பொய்யல்ல. ஆனால் 299 என்று சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்க எதிரே ஒருவர் நிற்கும் காலமாக இருந்தால், ஏற்றுவதற்கு முன் இருமுறை யோசித்திருப்பார்கள்.

கேள்வி: எங்களிடம் பழைய பிளேஸ்டேஷன் 2 ஒன்றும் நாற்பது டிஸ்க்கும் இருக்கின்றன. சில டிஸ்க் ஓடுவதில்லை. பழைய இரும்புக்காரனுக்குப் போடவா?
(திருக்கோவில்)

பதில்: வேண்டாம். அந்த நாற்பதில் முப்பத்தைந்தாவது சந்தையில் வாங்கிய கள்ளப் பிரதியாக இருக்கும். அக்காலத்தில் எங்கள் எல்லோரிடமும் அதுதான் இருந்தது, ஒளிக்க ஒன்றுமில்லை. பிரதி டிஸ்க்குகளைப் படிப்பதில் பழைய லென்ஸ் முதலில் தடுமாறும். கடலோர வீடு என்றால் உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து படிந்திருக்கும். டிவி திருத்தும் ஒருவரிடம் கொடுத்து, மேல் மூடியைக் கழற்றி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் லென்ஸை அழுத்தாமல் துடைக்கச் சொல்லுங்கள். நினைவு அட்டையை அதற்கு முன் கழற்றி வேறாக எடுத்து வைத்துவிடுங்கள்; பிள்ளைகள் சேமித்த ஆட்டமெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.